கடிப்பது பாம்பு, கொல்வது யார்?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் பத்திரிகைகளுக்கு உற்சாகம் பிறந்துவிடுகிறது. மெயின் அருவியில் தண்ணீர் கொட்டுகிறது, ஐந்தருவியில் கூட்டம் அலைமோதுகிறது என்று படம் படமாகப் போடுகிறார்கள். போடட்டும். அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் அதே சாரல்தான் தென்காசி, செங்கோட்டை, கடையம், கடையநல்லூர் வயல்களிலும் விழுகிறது. கார் சாகுபடிக்கு உழவும் நடவும் நடக்கும் காலம் அது. மழைத் தண்ணீர் பொந்துகளில் புகுகிறது. எலியும் தவளையும் மேட்டுக்கு ஏறுகின்றன. அவற்றைத் தேடிப் பாம்பும் ஏறுகிறது. எந்த மேடு? வரப்பு. வைக்கோற் படப்பு. விறகுக் குவியல். விவசாயத் தொழிலாளியின் மண் தரை வீடு. சாரலில் குளிக்க வந்தவர்கள் தலை துவட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அதே சாரலில் நாற்று நட்டவர்களின் வீடுகளில் ஒன்றில் ஒப்பாரி கேட்கிறது. இதற்குப் படம் போடுவார் இல்லை.

பாம்பு ஏழை பணக்காரன் என்று பார்த்துக் கடிப்பதில்லை என்று சிலர் தத்துவம் பேசுவார்கள். பார்த்துத்தான் கடிக்கிறது, தோழர்களே! மாடியில், கட்டிலில், கொசுவலைக்குள் படுத்திருப்பவனை அது கடிப்பதில்லை. வெறுங்காலோடு மடை மாற்றப் போகிறவனைக் கடிக்கிறது. குனிந்து புல் அறுக்கும் பெண்ணின் கையைக் கடிக்கிறது. செங்கல் சூளையில் கல் அடுக்குகிறவனைக் கடிக்கிறது. ராத்திரி ஷிப்டு முடிந்து, விளக்கில்லாத ஒற்றையடிப் பாதையில் வீடு திரும்பும் மில் தொழிலாளியைக் கடிக்கிறது. பகலெல்லாம் பீடி சுற்றிவிட்டுப் பிள்ளையோடு தரையில் பாய் விரித்துப் படுக்கும் தாயைக் கடிக்கிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

இது எங்கோ ஓரிடத்தில் எப்போதோ நடக்கும் விபத்து அல்ல. வீடு வீடாகச் சென்று சாவுகளின் காரணத்தை விசாரித்த பெரிய ஆய்வு ஒன்று இந்தியாவில் நடந்தது. 2020ல் வெளியான அதன் முடிவுப்படி, 2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் மாண்டவர்கள் சுமார் 12 லட்சம் பேர். ஆண்டுக்குச் சராசரி 58,000. நாளொன்றுக்கு 150 பேருக்கு மேல்! அவர்களில் கால் பங்குக்கு மேல் 15 வயது நிரம்பாத பிள்ளைகள். சாவுகளில் சரிபாதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் நடந்தவை. நமது சாரல் மாதங்களும் அவைதாம்.

அதற்கு முன் 2011ல் வெளியான ஆய்வு இன்னும் இரண்டு உண்மைகளைச் சொன்னது. இப்படிச் சாகிறவர்களில் நூற்றுக்கு 97 பேர் கிராமத்து ஜனங்கள். நூற்றுக்கு 77 பேர் ஆஸ்பத்திரிக்கு வெளியே செத்தவர்கள். வீட்டில், வழியில், மந்திரவாதியின் திண்ணையில் செத்தவர்கள். ஆஸ்பத்திரிக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டிருந்த சர்க்காருக்கு இவர்கள் பிறந்ததும் தெரியாது, இறந்ததும் தெரியாது.

ஒரே நாளில் 150 பேரோடு ஓர் ஆகாய விமானம் விழுந்தால் நாடே அதிர்கிறது, மந்திரிகள் ஓடிவருகிறார்கள், விசாரணைக் கமிஷன் போடுகிறார்கள். இங்கே தினந்தோறும் அத்தனை பேர் விழுகிறார்கள். விழுகிற இடம் வயல், விழுகிறவன் கூலிக்காரன். அதனால் சத்தம் கேட்பதில்லை.

விதி என்பவர்களுக்கு

"அவன் விதி முடிந்தது, பாம்பு ரூபத்தில் எமன் வந்தான்" என்று ஊரில் பேசுகிறோம். ஆஸ்திரேலியாவில் பாம்பு இல்லையா? உலகத்திலேயே கொடிய நஞ்சுள்ள பாம்புகள் பல அந்த நாட்டில்தான் இருக்கின்றன. அங்கே ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர்தான் பாம்புக்கடியால் இறக்கிறார்கள். எமனுக்கு அந்த நாட்டுக்குப் போகப் பாஸ்போர்ட் கிடைக்கவில்லையா? அதுவல்ல காரணம். ஜனத்தொகை குறைவு என்பது ஒரு பக்கம். அங்கே வேலைக்காரன் காலில் பூட்ஸ் இருக்கிறது. கடிபட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிகிறது. வெகு தூரத்துப் பண்ணையில் கடிபட்டவனையும் உரிய நேரத்தில் ஆஸ்பத்திரி சேர்க்க ஏற்பாடு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது. இந்த நான்கும் எங்கே இருக்கின்றனவோ அங்கே விதி தோற்றுப் போகிறது.

அறியாமை என்பவர்களுக்கு

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அது படித்த கூட்டம். "ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை, ஆஸ்பத்திரிக்கு வராமல் மந்திரவாதியிடம் போகிறார்கள், அதனால் சாகிறார்கள்" என்று அது தீர்ப்புச் சொல்கிறது. ஆண்டுக்கொரு முறை ஒரு கூட்டம், சுவரில் ஒரு போஸ்டர், போட்டோ, அத்துடன் கடமை முடிந்தது.

ஜனங்களுக்குக் கல்வி வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. அதைத்தான் இந்தக் கட்டுரையும் கேட்கிறது. ஆனால் கல்வி என்பது செத்தவன் மீது குற்றம் சாட்டுவதற்கான ஏற்பாடாக இருக்கக்கூடாது. 2019 நவம்பரில் கேரளத்து வயநாட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு பள்ளி வகுப்பறைத் தரையில் இருந்த பொந்திலிருந்து வந்த பாம்பு ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைக் கடித்தது. பாம்பு கடித்தது என்று அவளும் சொன்னாள். உடன் படித்த பிள்ளைகளும் சொன்னார்கள். பெரியவர்கள் தாமதம் செய்தார்கள். குழந்தை இறந்துவிட்டாள். அங்கே அறியாமை யாருக்கு? பொந்தை அடைக்காதது யார்? படித்தவர்களுக்கும் பாடம் வேண்டும். பாடத்தோடு சேர்ந்து வசதியும் வேண்டும்.

கட்டிலில் படு என்கிறார்கள். கட்டில் எங்கே? பூட்ஸ் போடு என்கிறார்கள். வாங்கக் கூலி எங்கே? சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போ என்கிறார்கள். போன இடத்தில், "இங்கே பார்க்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் யார் குற்றவாளி? தென்காசியிலிருந்து திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். புளியங்குடி, சிவகிரி ஜனங்களுக்கு இன்னும் தூரம். 2019 நவம்பரில் தென்காசி தனி ஜில்லாவாயிற்று. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 புதிய மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அந்தப் பட்டியலில் தென்காசி இல்லை. ரத்தத்தில் ஏறிய நஞ்சு, ஜில்லா எல்லை பார்த்து நிற்குமா?

மந்திரம் ஏன் "பலிக்கிறது"?

மந்திரவாதியிடம் போய்ப் பிழைத்தவர்கள் இல்லையா என்று நமது தோழர்களே கேட்கிறார்கள். இருக்கிறார்கள். ஏன் என்று பார்ப்போம். நம் நாட்டில் முந்நூறு வகைப் பாம்புகளுக்கு மேல் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு நஞ்சே கிடையாது. நஞ்சுள்ள பாம்பும் பல தடவை நஞ்சை இறக்காமல் கடித்துவிட்டுப் போகும். இப்படிக் கடிபட்டவனுக்கு வேப்பிலை அடித்தாலும் பிழைப்பான், அடிக்காவிட்டாலும் பிழைப்பான். அந்தக் கீர்த்தி மந்திரவாதிக்குப் போகிறது. உண்மையிலேயே நஞ்சேறியவன் சாகிறான். அந்தப் பழி விதிக்குப் போகிறது. என்ன வசதியான கணக்கு!

சங்கரன்கோவில் புற்றுமண்ணைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். நமது ஜில்லா ஜனங்களுக்கு அதன் மீது நம்பிக்கை உண்டு. ஆடித்தபசுக்குப் போய் விஷஜந்துக்களின் உருவம் வாங்கிக் காணிக்கை செலுத்துகிறவர்களில் நமது சங்கத்து அங்கத்தினர்களும் உண்டு. யாருடைய நம்பிக்கையையும் புண்படுத்துவது நமது நோக்கமல்ல. நாம் சொல்வது ஒன்றுதான்: முதலில் ஆஸ்பத்திரி, பிழைத்து எழுந்த பிறகு கோவில். கடிவாயில் மண்ணைப் பூசினால் நஞ்சு இறங்காது. புண் சீழ் பிடிக்கும். ஏறிய நஞ்சை முறிக்க ஊசி மருந்து ஒன்றுதான் உண்டு. 1895லேயே உலகம் அதைக் கண்டுபிடித்துவிட்டது.

தெரிந்துகொள்ள வேண்டியது

நம் வட்டாரத்தில் அதிகமாகக் கொல்பவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்.

கண்ணாடி விரியன் வயலிலும் வரப்பிலும் கிடக்கும். கடித்தால் வீங்கும், ரத்தம் உறையாது, ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் வரும், சிறுநீரகம் கெடும். சுருட்டை சிறியது, கரட்டுக் காட்டிலும் கல் குவியலிலும் இருக்கும், அதன் நஞ்சும் ரத்தத்தைத்தான் கெடுக்கும். நல்ல பாம்பின் நஞ்சு நரம்பை முடக்கும். கடிவாய்ச் சதையையும் அழுகச் செய்யும்.

கட்டுவிரியன் எல்லாவற்றிலும் வஞ்சகமானது. இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் தூங்குகிறவனைக் கடிக்கும். பெரும்பாலும் வலி இராது, வீக்கம் இராது, பல் தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, பிறகு இமை தொங்கும், பேச்சுக் குழறும், மூச்சு நிற்கும். வாயுக்கோளாறு என்று கஷாயம் கொடுப்பார்கள்; பேய் அறைந்தது என்று விபூதி போடுவார்கள். இரவு நன்றாகப் படுத்தவர் காலையில் இமை தூக்க முடியாமல் இருந்தால், பாம்பைப் பார்க்காவிட்டாலும் பாம்புக்கடி என்று சந்தேகித்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மூச்சு நின்றுவிடும் நிலையிலும், செயற்கைச் சுவாசம் கொடுத்து மருந்தும் ஏற்றினால் பிழைக்க வைக்கலாம்.

கடிபட்டவுடன் என்ன செய்வது? பயப்பட வேண்டாம் என்று தைரியம் சொல்லுங்கள். நடக்கவோ ஓடவோ விடாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். வீக்கம் வந்தால் அவை சதையை அறுக்கும். கடிபட்ட கை அல்லது காலை, எலும்பு முறிந்தால் கட்டுவது போல, ஒரு கம்பு வைத்து அசையாமல் மட்டும் கட்டுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். ரத்த ஓட்டம் நின்று உறுப்பே போய்விடும். பிளேடால் கீறாதீர்கள், ரத்தம் உறையாத உடம்பில் அந்தக் கீறலே ஆளைக் கொல்லும். வாயால் உறிஞ்சாதீர்கள். பச்சிலை, சாராயம் எதையும் கொடுக்காதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் தாமதமானால் மோட்டார் சைக்கிளில் கடிபட்டவரை நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொண்டு புறப்படுங்கள். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. அதைத் துரத்தினால் இரண்டாவது ஆளும் கடிபடுவார். நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் ஒரே மருந்துதான். கடிபட்ட நேரத்தையும், பிறகு என்னென்ன ஆயிற்று என்பதையும் டாக்டரிடம் சொன்னால் போதும்.

இவ்வளவுதான் பாடம். பள்ளிக்கூடமே பார்க்காத நமது அக்காமாரும் அண்ணன்மாரும் ஒரே மாலையில் கற்றுக்கொள்ளக்கூடிய பாடம்.

நேபாளத்துக் கிராமங்கள் காட்டிய வழி

பாடம் சொன்னால் சாவு குறையுமா? குறைந்திருக்கிறது. நம்மைப் போலவே நெல் விளையும் தேசம், நம்மைப் போலவே ஏழை ஜனங்கள் நிறைந்த தேசம் நேபாளம். அதன் தென்கிழக்குச் சமவெளியில், டமக் என்ற ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் இரண்டு காரியம் செய்தார்கள். ஒன்று, வீடு வீடாகப் பாம்புக்கடி பற்றிப் போதித்தார்கள். இரண்டு, மோட்டார் சைக்கிள் வைத்திருந்த ஊர் வாலிபர்களைத் தொண்டர்களாக்கி, எந்த நேரம் கூப்பிட்டாலும் கடிபட்டவரை ஆஸ்பத்திரி சேர்க்க வைத்தார்கள். 2013ல் வெளியான ஆய்வு சொல்கிறது: முன்பு கடிபட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள்; பின்பு இருநூறு பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குச் சாவு இறங்கியது. கடிபடுவோர் எண்ணிக்கையே குறைந்தது.

அங்கே கடிபட்டவரைக் காப்பாற்றியது வெறும் போஸ்டர் அல்ல. பாடம், வண்டி, மருந்து மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன. மோட்டார் சைக்கிள் இல்லாத கிராமம் இன்று தென்காசி ஜில்லாவில் உண்டா? ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால் உள்ள கேரளத்தில் 2020 முதல் வனத்துறை தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஜனங்கள் கூப்பிட்டதும் வந்து பாம்பைப் பிடித்து அப்புறப்படுத்த ஏற்பாடு செய்திருக்கிறது. அங்கேயும் சாவு குறைந்திருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் முடிவது இந்தப் பக்கம் ஏன் முடியாது?

மருந்தும் லாபமும்

வண்டி போய்ச் சேர்ந்த இடத்தில் மருந்து இருக்க வேண்டும் அல்லவா? அந்த மருந்து எங்கிருந்து வருகிறது? நமது தமிழ்நாட்டு இருளர்களின் கையிலிருந்து! செங்கல்பட்டு ஜில்லா வடநெம்மேலியில் 1978ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பாம்பைப் பிடித்து நஞ்சை எடுத்துவிட்டு, மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறது. அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து தயாரிக்கிறார்கள். இந்தியாவின் பாம்புக்கடி மருந்தில் பெரும்பகுதிக்கு இந்த ஏழைகள் எடுக்கும் நஞ்சே ஆதாரம். உயிரைப் பணயம் வைத்து நஞ்சு எடுப்பவனும் ஏழை. நஞ்சேறிச் சாகிறவனும் ஏழை.

நோயாளி ஏழை என்பதால் மருந்துக் கம்பெனிகளுக்கு இதில் அக்கறை குறைவு. ஆப்பிரிக்காவில் பத்து வகைப் பாம்புகளின் நஞ்சை முறித்த ஒரு மருந்தைப் பிரெஞ்சுக் கம்பெனி ஒன்று தயாரித்து வந்தது. லாபம் போதவில்லை என்று 2014ல் தயாரிப்பை நிறுத்தியது. கடைசி மருந்தும் 2016 ஜூனில் காலாவதியாயிற்று. பாம்புகள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. கம்பெனிதான் கடையை மூடியது! நமது மேற்கு மலைத் தொடரில் மூக்கு மேல்நோக்கி வளைந்த குழிவிரியன் ஒன்று உண்டு. நாலு பாம்பு மருந்து அதற்குக் கேட்பதில்லை. அதற்கென்று மருந்து செய்வார் இல்லை. இடத்துக்கு இடம் ஒரே பாம்பின் நஞ்சே மாறுபடுகிறது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். தெற்கத்திப் பாம்புகளின் நஞ்சையும் சேர்த்து மருந்து செய்ய வேண்டும். இது லாபக் கணக்கு பார்க்கிறவன் செய்கிற வேலை அல்ல. சர்க்கார் ஏற்று நடத்த வேண்டிய வேலை.

நாம் கேட்பது

2024 மார்ச்சில் மத்திய சர்க்கார் ஒரு தேசியத் திட்டம் வெளியிட்டது. 2030க்குள் பாம்புக்கடிச் சாவைப் பாதியாகக் குறைப்பது அதன் லட்சியம். அதே ஆண்டு நவம்பரில் தமிழக சர்க்கார், ஒவ்வொரு பாம்புக்கடியையும் ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. நல்லது, வரவேற்கிறோம். இனிமேல் செத்தவன் கணக்கிலாவது வருவான். ஆனால் கணக்கு எழுதுவது மட்டும் உயிரைக் காக்காது.

ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருந்து இருக்கிறது என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். மருந்து அலமாரியில் இருந்தால் போதாது. அதை ஏற்றுகிற தைரியமும் பயிற்சியும் உள்ள டாக்டர் இரவிலும் இருக்க வேண்டும். கண்ணாடிக் குழாயில் சிறிது ரத்தம் எடுத்து இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்தால், உறைகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இதற்குப் பெரிய மிஷின் தேவையில்லை. நஞ்சேறியது தெரிந்தால் முதல் மருந்தை அங்கேயே ஏற்ற வேண்டும். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டும். செயற்கைச் சுவாசமும் சிறுநீரகச் சுத்திகரிப்பும் ஜில்லாவுக்குள்ளேயே இரவு பகல் கிடைக்க வேண்டும்.

வேலை வாங்குகிறவர்களையும் கேட்கிறோம். பண்ணையோ, சூளையோ, தோட்டமோ, ராத்திரி வேலை வாங்கினால் டார்ச் லைட் கொடு. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் கொடு. சேற்றில் நடவு நடும்போது பூட்ஸ் உதவாது என்பார்கள். சரி, வரப்பில் நடக்க, புல் அறுக்க, நெல் அறுக்க உதவுமல்லவா? மில்லிலிருந்து ஊருக்குப் போகும் பாதைக்கு விளக்குப் போடு. வேலையில் கடிபட்டால் சிகிச்சைக் காலத்துக்குக் கூலி கொடு.

நமது கடமை

இதெல்லாம் வரும்வரை காத்திருப்பதா? கூடாது. கோரிக்கை சர்க்காரிடம், முதல் ஒரு மணி நேரம் நமது கையில். மேடையில் மூடநம்பிக்கையைக் கண்டித்துவிட்டு, தன் பிள்ளையைப் பாம்பு கடித்ததும் மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தோழர்கள் நம்மிடையே இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? அந்த நடுக்கத்தில் சரியான வழி தெரிய வேண்டுமானால், முன்பே பேசிப் பழகியிருக்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு சங்கக் கிளையும் அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ளட்டும். இரவிலும் டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரி எது, அங்கே மருந்து இருக்கிறதா என்று நேரில் போய் விசாரித்து எழுதி வையுங்கள். கூப்பிட்டால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் நாலு பேர் பெயரை ஊர்ச் சாவடியில் ஒட்டுங்கள். மந்திரிப்பவரையும் கூட்டத்துக்கு அழையுங்கள். அவரும் நம் ஊர்க்காரர்தான். "என்னிடம் வந்தவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன்" என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். வீட்டுச் சுவர்ப் பொந்தை அடையுங்கள். விறகையும் வைக்கோலையும் வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள். தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாயின் அடியில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள்; கொசுவுக்கு மட்டுமல்ல, கட்டுவிரியனுக்கும் அதுதான் வேலி. படப்பில் கைவிடும் முன் கம்பால் தட்டுங்கள். இருட்டில் காலடி வைக்கும் முன் வெளிச்சம் பாய்ச்சுங்கள். பெண்களின் கூட்டம் தனியாக நடக்கட்டும். பீடிக் கடை வாசலில், காலை நேரத்தில் நடக்கட்டும்.

பாதியாகக் குறைப்போம் என்கிறார்கள். மீதிப் பாதி யாருடைய பிள்ளைகள்? அடுத்த சாரல் வருவதற்குள் ஒவ்வொரு கிராமத்திலும் இந்தப் பாடம் நடந்து முடிந்திருக்க வேண்டும். நாற்று நடப் போனவள் இரவு உலை வைக்கத் திரும்பி வர வேண்டும். அதற்குக் குறைந்த எதையும் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.